லோகேஸ்வரியின் நூற்று நாற்பது கணக்குச் சொற்கள்

பன்னிரண்டு வயதில், சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், லோகேஸ்வரி கணிதத்தில் ‘ஏ’ எடுத்தாள். பதினான்கு வயதில், இடைநிலைப்பள்ளியில், கணக்கே ஏறாத பிள்ளை என்று பெயர் எடுத்தாள். இடைப்பட்ட காலத்தில் அவள் மூளைக்கு எந்த நோயும் வரவில்லை. மாறியதெல்லாம் சொற்கள்.

தமிழ்ப்பள்ளியில் அது பின்னம். மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவே ஒரு கோடு. ஆறாம் ஆண்டுச் சோதனையில் மலாய்மொழியில் ‘டி’ வாங்கியதால், அவளை நேராக இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கு விடாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வைத்தார்கள். அது 2002. அங்கே பின்னம் ‘பெச்சாஹான்’ ஆயிற்று. பரப்பளவு ‘லுவாஸ்’ ஆயிற்று. சராசரி ‘பூராத்தா’ ஆயிற்று. ஓராண்டு முழுக்க உட்கார்ந்து உருப்போட்டாள். மறு ஜனவரியில் முதல் படிவத்துக்குள் கால் வைத்தால், கணிதப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. கணிதத்தையும் அறிவியலையும் அரசாங்கம் ஆங்கிலத்துக்கு மாற்றியது அந்த ஆண்டில்தான். பின்னம் இப்போது ‘ஃபிராக்‌ஷன்’.

சில ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் மலாய்க்கே மாற்றினார்கள். மாற்றுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, மார்க்கு குறைந்தவர்களைத் தள்ளிவிடும் கடைசி வகுப்பு இருந்தது.

அவள் அம்மா பாவம், சோதிடரிடம் போனார். புதன் நீசம், கல்வி தடைப்படும், இருபத்தொரு நாள் விளக்குப் போடுங்கள் என்றார் சோதிடர். பாடநூல் மூன்று மொழிக்குத் தாவினால் புதன் என்ன செய்யும்? ஆனால் கிரகத்தின் மேல் பழி போடுவது எல்லோருக்கும் வசதி. அது வந்து மறுக்காது. விளக்கு எரிந்தது, எண்ணெய் தீர்ந்தது, லோகேஸ்வரியின் படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றது.

இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. ஜெலுத்தோங்கில் ஒரு பிளாட்டில், லாரி ஓட்டும் கணவன் குகனோடும் பள்ளிக்குப் போகும் மகளோடும் இருக்கிறாள். பாயான் லெப்பாஸில் மருத்துவமனைக்கான குழாய்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினாறு ஆண்டாக வேலை. தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் கவசம், கண் மட்டும் வெளியே. குழாயின் முனையில் மூடியைக் கோப்பது அவள் வேலை. இயந்திரம் தகராறு செய்தால் டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டும். அவன் வருவதற்குள் எதைத் தளர்த்த வேண்டும், எத்தனை மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும் என்று அவளே சொல்லி வைப்பாள். வந்தவன் அதைச் செய்துவிட்டுத் தன் பெயரைத் தாளில் எழுதிவிட்டுப் போவான்.

போன ஆண்டின் தொடக்கத்தில் நிர்வாகம் ஒன்றைச் சொன்னது. கையால் கோக்கும் வரிசை ஆண்டுக் கடைசியில் மூடப்படும். அதில் இருக்கும் பெண்கள் கூலிம் ஆலைக்குப் போக வேண்டும். தீவிலிருந்து கடல் பாலம் தாண்டிப் போக, வர, நாளைக்கு நான்கு மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும். மகள் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் யாரும் இருக்க முடியாது. இங்கேயே தங்க ஒரே வழி, டெக்னீஷியன் சோதனையில் தேறுவது. மூன்றாம் படிவத் தரத்தில் நாற்பது கணக்கு, முப்பது சரியாக இருந்தால் தேர்ச்சி.

லோகேஸ்வரி மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து மூன்று கோடு கிழித்தாள். முதல் கட்டத்தில் மலாய்ச் சொல், இரண்டாவதில் தமிழ், மூன்றாவதில் ஆங்கிலம், நான்காவதில் ஒரு சின்னப் படம். தமிழ்ச் சொற்கள் ஆறாம் ஆண்டோடு நின்றுபோயிருந்தன. அதற்கு மேல் படமே துணை. நூற்று நாற்பது சொற்கள் சேர்ந்தன. கேள்வித்தாள் எப்போதும் மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் என்பதால் மலாயை நம்பித்தான் படித்தாள். ஆங்கிலக் கட்டம் பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தது.

கூடப் படித்தவள் பக்கத்து நாற்காலி சலேஹா. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு தமிழ் முஸ்லிம் வீட்டில் பிறந்து, மலாய்ப் பள்ளியில் படித்தவள். அவளுக்குச் சொல் தெரியும், கணக்கைக் கண்டால் ஆகாது. இவளுக்குக் கணக்கு வரும், சொல் தெரியாது. வேலைக் கூடத்துக்குள் சாதாரணக் காகிதம் கொண்டுபோகக்கூடாது, தூசி உதிரும். அதனால் கை குழாயைக் கோக்க, முகக்கவசத்துக்குள்ளேயே வாயால் பாடம் நடந்தது.

“நிஸ்பா,” என்பாள் சலேஹா.

“விகிதம்.”

“நொம்போர் பெர்டானா.”

“பகா எண். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு…”

“போதும் லா, கடைசி வரைக்கும் போயிடாத. செகி தீகா சாமா காக்கி?”

“இருசமபக்க முக்கோணம். நீ சொல்லு, உச்சிக்கோணம் நாப்பதுன்னா கீழ் ரெண்டும் எவ்வளவு?”

“அடி பாவி, நான் கேள்வி மட்டுந்தான் கேப்பேன்.”

“கூலிம் பஸ்ஸுல உக்காந்து கேளு.”

எதிர் வரிசையில் நல்லம்மாள் அக்கா இதைப் பல நாள் பார்த்துவிட்டுக் கேட்டார். “என்னடி ரெண்டு பேரும் மந்திரம் ஓதுறீங்க? பேனாவைக் குடு லோகேசு, வெள்ளிக்கிழமை கோயில்ல வெச்சு எடுத்தாறேன்.”

“பேனா நல்லாத்தான்க்கா எழுதுது. கேள்விதான் புரியணும்.”

நான்கு மாதம் இப்படிப் போனது. சோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். இந்த முறை கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் லோகேஸ்வரி நேராகப் பயிற்சி அதிகாரி மோகனராஜின் அறைக்குப் போனாள். ஜோர்ஜ்டவுனில் வளர்ந்தவர், அவளைவிட இளையவர், எல்லா ஆபரேட்டர்களையும் ‘அக்கா’ என்றே கூப்பிடுவார்.

“சார், மலாயும் போடுங்க. போன தடவை ரெண்டும் இருந்துச்சு.”

“அக்கா, மெஷின் மேனுவல் எல்லாம் இங்கிலிஷ் லா. ஆடிட்டுக்கு வர்றவங்களும் இங்கிலிஷ்லதான் ரெக்கார்டு கேக்குறாங்க. நான் என்ன செய்ய?”

“பதினாறு வருசமா அந்த மெஷினுக்குப் பக்கத்துல நிக்கிறது நான் சார். மேனுவல் அலமாரியில இருக்கு.”

மோகனராஜ் சிரித்தார். “ரெண்டு வாரம் இருக்கே. உங்களால முடியும்க்கா.”

இப்படிப்பட்ட வாழ்த்தைச் சொல்வதற்கு எந்தச் செலவும் இல்லை. அன்றிரவிலிருந்து அவள் ஆங்கிலக் கட்டத்தை நிரப்பத் தொடங்கினாள். மகள் சொல்லிக்கொடுத்தாள், கைப்பேசி சொல்லிக்கொடுத்தது. தொண்ணூறு சொற்கள் வரை நின்றன. மீதி இன்று ஏறி நாளை இறங்கின.

சோதனை நடந்தது. ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். சலேஹாவுக்கு இருபத்தொன்று. லோகேஸ்வரிக்கு இருபத்தாறு. இருபத்து நான்கு பேரில் ஐந்து பேர் தேறியிருந்தார்கள். ஐந்து பேரும் டிப்ளோமாவை முடித்துவிட்டு ஓராண்டுக்குள் வேலைக்கு வந்த இளைஞர்கள்.

“விடு லா. நாம படிச்சது அவ்வளவுதான்,” என்றாள் சலேஹா.

லோகேஸ்வரி விடவில்லை. மறுபடியும் அந்த அறைக்குப் போய் நின்றாள்.

“என் பேப்பரைப் பாக்கணும் சார்.”

“யாரும் கேக்க மாட்டாங்களே.”

“நான் கேக்குறேன்.”

மோகனராஜ் தேடி எடுத்துக் கொடுத்தார். அவள் நின்றபடியே தாள் தாளாகப் புரட்டினாள். தவறான பதினான்கையும் பார்த்துவிட்டு, மேசைமேல் இருந்த பென்சிலால் சிலவற்றின் ஓரத்தில் புள்ளி வைத்தாள்.

“இந்த அஞ்சும் என் தப்பு சார். கூட்டுறதுல கோட்டை விட்டுட்டேன். புள்ளி வெச்சது ஒம்பது. அதுல கேள்வியே எனக்குப் புரியல. இந்த ஒம்பதையும் மலாய்ல சொல்லுங்க. இங்கயே, உங்க முன்னாடியே போடுறேன்.”

“அக்கா, அப்படி ரூல்ஸ் இல்ல.”

“மார்க்கு போட வேணாம். சும்மா கேளுங்க. நீங்க சோதிச்சது கணக்கா இங்கிலிஷான்னு நமக்குத் தெரிஞ்சா போதும்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, இதை முடித்துவிட்டால் போய்விடுவாள் என்ற நினைப்பில், முதல் கேள்வியை மலாயில் சொன்னார். அடுத்தடுத்து வரும் இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் ஐம்பத்தாறு. பெரிய எண் எது? சொல்லிவிட்டுத் தானும் ஒரு தாளை இழுத்து எக்ஸ் என்றும் எக்ஸ் கூட்டல் இரண்டு என்றும் எழுத ஆரம்பித்தார்.

“இருபத்தொம்பது,” என்றாள் லோகேஸ்வரி.

மோகனராஜின் பேனா இரண்டாவது வரியில் இருந்தது. “எப்படி?”

“பாதி இருபத்தெட்டு. அதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. இருபத்தேழு, இருபத்தொம்பது. இதுக்கு எதுக்கு சார் எக்ஸு?”

அடுத்ததை அவர் சொன்னார். அதையும் போட்டாள். அதற்கடுத்ததற்குப் படம் வரைந்தாள். ஒன்பதில் எட்டு சரியாக வந்தது. ஒன்றில் கோணத்தைத் தவறாகக் கழித்திருந்தாள். அதை அவளே கண்டுபிடித்து, “இதுவும் என் தப்புதான்,” என்றாள்.

மோகனராஜ் அவள் தாளின் ஓரத்தில் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தார். இருபத்தாறும் எட்டும் முப்பத்து நான்கு. அந்தக் கூட்டலுக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

“கூட எழுதினவங்களுக்கும் இதே கதைதான் சார்,” என்றாள். “எனக்கு மட்டும் மாத்திக் குடுத்தா அது நியாயம் இல்ல.”

அதன் பிறகு அவர் மேலிடத்துக்கு ஓர் ஈமெயில் அனுப்பினார். மனம் மாறி அனுப்பினார் என்று அடித்துச் சொல்ல முடியாது. வேலை தெரிந்தவர்களை வெளியே தள்ளியது ஏன் என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற கவலையும் இருந்திருக்கலாம். நியாயம் எந்தக் கதவு வழியாக வந்தாலும் வரட்டும். தேறாத பத்தொன்பது பேருக்கும் மூன்று வாரத்தில் மறு சோதனை, கேள்வித்தாள் இரு மொழியிலும் என்று பலகையில் புதுத் தாள் வந்தது.

அந்த மூன்று வாரத்தில் லோகேஸ்வரி ஒரு புதுச் சொல்கூடப் படிக்கவில்லை. கூட்டல் கழித்தலில் கோட்டை விடாமல் இருக்கத்தான் பழகினாள். சலேஹாவையும் விடவில்லை. கேண்டீனில் சோறு ஆறிப்போகும்வரை கேள்வி கேட்டாள்.

மறு சோதனையில் பதினோரு பேர் தேறினார்கள். சலேஹாவுக்கு முப்பத்தொன்று. லோகேஸ்வரிக்கு முப்பத்தாறு.

தேறியவர்களை ஒவ்வொருவராக மோகனராஜின் அறைக்குக் கூப்பிட்டு, திங்கட்கிழமை முதல் டெக்னீஷியன் வேலை என்ற கடிதத்தைக் கொடுத்தார்கள். சலேஹாவும் லோகேஸ்வரியும் ஒன்றாகவே போனார்கள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. லோகேஸ்வரி மெதுவாக ஒவ்வொரு வரியாகப் படித்து, நடுவில் நிறுத்தினாள்.

“மூணே வாரத்துல என் கணித அறிவு ரொம்ப முன்னேறிடுச்சாம். பாராட்டுறாங்க.”

சலேஹா எட்டிப் பார்த்தாள். “எனக்கும் அதேதான் போட்டிருக்கு. முன்னேறுனது நாம இல்லடி, கேள்வித்தாளு.”

மோகனராஜ் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

கடிதத்தின் அடியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டிருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் லோகேஸ்வரி இரண்டு முறை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டு, தன் பிரதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும் சார்?”