கோமதிசங்கரின் அம்மா கேசட்

கோமதிசங்கருக்கு அழுகை நன்றாக வரும், பார்க்க ஆள் இருந்தால். அவனைக் கட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்திலிருந்து டவுணுக்கு வந்த விஜயஸ்ரீ இதை முதல் வருஷத்திலேயே கண்டுகொண்டாள். அவனுக்கு வேலை மின்வாரியத்தில், கேட்பவர்களிடம் மட்டும் இசைக்காரன் என்பான். கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு வாசிப்பது இளப்பமாம், அவனுடைய குழு சொந்தப் பாட்டுத்தான் பாடும். கேட்க யாரும் வராததற்கு ஊரின் ரசனையைத் திட்டுவான்.

ஒத்திகை வீட்டின் முன்னறையில் நடக்கும். பின்னறையில் அவன் அம்மா சொர்ணாம்பாள் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். துடைத்ததும் திருப்பிப் படுக்கவைத்ததும் கஞ்சி ஊட்டியதும் விஜயஸ்ரீ. பெற்ற பிள்ளை அறை வாசலில் நின்று, "அம்மா தூங்குதாளா?" என்று கேட்டுவிட்டு நழுவிவிடுவான்.

ஒருநாள் ஒரு காதல் பாட்டுக்காகக் குழுவிலிருந்த சிவசண்முகம் கீபோர்டில் பியானோ ஒலி வைத்து வாசித்ததை அங்கேயே பதிவு செய்தார்கள். நடுவில் சொர்ணாம்பாள் கூப்பிட்டாள். கோமதிசங்கர் முகத்தைச் சுளித்தான்.

"அந்த எரைச்சல் வெளிய கேக்காம கதவச் சாத்து, விஜி."

தண்ணீர்ச் செம்போடு உள்ளே போய் அவள் கதவைச் சாத்தினாள்.

மாசியில் கிழவி போய்ச் சேர்ந்தாள். அவன் அழுத அழுகையில் நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் அந்தப் பாட்டில் 'கண்மணியே' என்றிருந்த இடமெல்லாம் 'அன்னையே' ஆயிற்று. காதலிக்கு வைத்திருந்த கண்ணீரை வீணாக்காமல் தாய்க்குத் திருப்பிவிட்டான். பழைய பியானோப் பதிவின் மேலேயே புதிதாகப் பாடிக் கேசட்டாக்கினான். அட்டையில் அம்மா படம் சின்னது, தலைகவிழ்ந்த மகன் படம் பெரியது.

ஆண்டுத் திவசத்தன்று சொந்தக்காரர்கள் முன்னால் கேசட் வெளியீடு. முந்தின நாளே விஜயஸ்ரீயிடம் சொல்லிவைத்தான். "நீயும் ரெண்டு வார்த்தை பேசணும். நான் அம்மாவ எப்படிப் பாத்துக்கிட்டேன்னு நீ சொன்னா எடுப்பா இருக்கும்."

இத்தனை நாள் அவள் எதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்தப் பொய்யைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டால் அந்தப் பின்னறையில் தான் பட்டதெல்லாம் அவன் கணக்கில் போய்விடும்.

கேசட் ஓடியது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கோமதிசங்கர் யார் யார் அழுகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். சரணத்துக்கு முன்னால் பாட்டு ஓய்ந்து பியானோ மட்டும் கேட்ட இடத்தில், அடியில் மெலிசாக ஒரு குரல் வந்தது.

"விஜி... தண்ணி..."

தன் பாட்டைத் தவிர எதையும் காதில் வாங்காத கோமதிசங்கருக்கு அன்றுதான் அது கேட்டது. பட்டென்று டேப்பை நிறுத்தினான்.

"ஏலே சிவசண்முகம், இதென்ன எரைச்சல்? அடுத்த பிரதியில அழிச்சிரு." பிறகு குரலைக் குழைத்து, "நீ பேசு விஜி" என்றான்.

விஜயஸ்ரீ எழுந்து நின்றாள்.

"அது எரைச்சல் இல்ல. அத்தை தண்ணி கேட்டாவ. இவிய கதவச் சாத்தச் சொன்னாவ."

அவ்வளவுதான் பேசினாள். டேப்பிலிருந்து கேசட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பந்திக்கு இலை போடப் போனாள்.