அத்தையின் படகுக்கூலி

பள்ளி நூலகத்திலிருந்து நான் எடுத்துவந்த புத்தகம் பண்டைய கிரேக்கர்களைப் பற்றியது. எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான் என்பதால், அதில் அச்சாகியிருந்த எதையும் யாரும் சந்தேகிக்கவில்லை. நானும்தான்.

தோவாளைச் சந்தைக்குப் பிச்சிப்பூ கட்டிக்கொண்டே, நான் வாசிப்பதை அத்தை கேட்பாள். இறந்தவர்கள் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும், வாயில் காசு வைத்து அனுப்பினால்தான் படகுக்காரன் ஏற்றுவான், இல்லாதவர்கள் கரையிலேயே அலைவார்கள் என்று வாசித்தபோது அவள் கை நின்றது.

“அவனுக்க வாயில மண்ணு விழ! பொம்பளையளக்கூடவா ஏத்தமாட்டான்?”

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அத்தை இறந்துபோனாள். எனக்கு அழுகையெல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் கண்ணில் பட்டது, அவள் நெற்றியில் சந்தனத்தோடு ஒட்டியிருந்த ஒற்றை ரூபாய். காசு இருக்கிறது, இடம்தான் தப்பு. அந்தக் காசு என்னாகும் என்று பெரியப்பாவின் வேட்டியைப் பிடித்திழுத்துக் கேட்டேன்.

“அதச் சுடுகாட்டுல எடுத்திருவாவ. நீ அங்கன போயி இரு,” என்றார்.

எடுத்துவிடுவார்களா! எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். முற்றத்தில் பாடை கட்டி முடித்துவிட்டார்கள். வாய்க்கரிசி போடும் வரிசை நகர்ந்தது. என் முறை வந்ததும் அரிசியை விட்டுவிட்டு, நெற்றிக்காசைப் பிய்த்து அத்தையின் உதடுகளுக்கிடையே செருகினேன்.

“ஏலே! என்னலே காட்டுக?” பெரியப்பா என் கையைப் பிடித்து முறுக்கினார். “செத்தவகிட்டயா வெளையாட்டு?”

“புக்குல போட்டிருக்கு!” என்று அலறினேன். “வாயில இல்லேன்னா அத்தைய ஏத்தமாட்டான்!”

சுற்றிலும் முணுமுணுப்பு. அப்பா எழுந்து வந்தார். தங்கையின் முகத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அண்ணே, அங்கனயே கெடக்கட்டும். பிள்ளை படிச்சுட்டுல்லா சொல்லுகான்.”

காசு அத்தையோடு போயிற்று.

மறுநாள் அப்பா அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். படகுப் படத்தின்மேல் விரலை வைத்தார்.

“அக்கரைக்குப் போனவிய திரும்ப வருவாவளான்னு எங்கயாவது போட்டிருக்கா மக்கா?”

எனக்கு அது பரீட்சைக் கேள்விபோல இருந்தது. பக்கம் பக்கமாக விரலோட்டித் தேடிக் கண்டுபிடித்தேன். படகு அக்கரைக்குத்தான் ஆளேற்றிப் போகும், வரும்போது காலியாகவே வரும் என்று ஓர் எழுத்துகூடத் தடுக்காமல் வாசித்தேன்.

அப்பா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். நன்றாக வாசித்ததால்தான் கேட்கிறார் என்று நினைத்து, முன்னைவிட உரக்க வாசித்தேன்.