ஒருவரும் நடக்காத ஆலை

கம்பெனி வட்டாரத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை பங்கு, எதைச் சாதித்தால் எவ்வளவு ஊக்கத்தொகை என்று திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. இந்த ஆள் எதற்கு ஓடுவான், எதற்கு நிற்பான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பெண் பார்க்க வந்தவனையும் விட்டுவைக்கவில்லை. "சம்பளம் ஏற ஏற இவர் வீட்டுக்கு வர்றது குறையும்மா" என்று தாயாரிடம் சொல்லித் திருப்பி அனுப்பினாள். பிறகு யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவும் இல்லை.

அவளுக்கென்று இருந்தது ஒரே தம்பி. பெற்றவர்கள் போனபின் அவனைப் படிக்கவைத்து, ஒரு குடும்பமும் அமைத்துக் கொடுத்தாள். இரும்புத் தகடு வெட்டும் ஆலையொன்றில் அவன் மெக்கானிக். அந்த ஆலையின் முதலாளிமார்கள் ஒருநாள் இவளையே கூப்பிட்டார்கள். வெட்டும் இயந்திரங்களில் விபத்து அதிகம், குறைக்க ஒரு வழி வேண்டும் என்றார்கள்.

தம்பி வேலை செய்யும் இடமாயிற்றே என்று அவள் உயிரைக் கொடுத்து அந்தத் திட்டத்தைப் போட்டாள். நிர்வாக இயக்குநருக்குக் கம்பெனிப் பங்குகள் பெரிய அளவில். மூன்று வருடம் கழித்துத்தான் கைக்கு வரும். தொழிலாளிகளுக்கும் அதே நாளில் ஆளுக்கொரு கணிசமான தொகை. நிபந்தனை ஒன்றே ஒன்று. இடையில் ஒரு விபத்து பதிவானாலும் இயக்குநர் முதல் காவலாளி வரை எல்லோர் வாயிலும் மண்.

"இனிமே ஒருத்தர ஒருத்தர் கண்கொத்திப் பாம்பா பாத்துக்குவாங்க" என்று முதலாளிமார் குழுவிடம் சொன்னாள். அவர்கள் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள்.

விபத்து நின்றுபோனது. குறையவில்லை, குழாயை மூடியதுபோல அப்படியே நின்றது. மற்ற கம்பெனிகள் அதே திட்டத்தைக் கேட்டு வரிசையில் நின்றன. தராசுக்குத் தலைகால் புரியவில்லை என்று சொன்னால் மிகையில்லை.

மூன்றாம் வருடத்தின் கடைசி மாதம், நிபந்தனை நிறைவேறியதா என்று நேரில் பார்க்கப் போனாள். வாசலில் காவலாளி இடது கையால் சல்யூட் அடித்தார். முதலுதவி அறையில் கட்டிலுக்கு விரித்த வெள்ளைத் துணி மடிப்புக் கலையவில்லை. தலையணை இன்னும் பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தது. "ஒருத்தர்கூட இங்க படுத்ததில்ல மேடம்" என்றார் மேலாளர். இயந்திரக் கூடத்துக்குள் அவள் காலெடுத்து வைத்ததும் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். எல்லோர் கையிலும் கனத்த கையுறை. அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். ஓர் ஆள்கூட ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. முகங்கள் மட்டும் சிரித்தபடி அவள் போகும் திசைக்குத் திரும்பின. மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் கையுறையோடே கரண்டி பிடித்துச் சாப்பிட்டார்கள்.

தம்பியை எங்கும் காணோம். லீவு என்றார் மேலாளர், அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

நேரே அவன் வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அவர் தூங்குறார் அண்ணி. அப்புறமா வாங்களேன்."

"பட்டப்பகல்ல என்ன தூக்கம்? நகரு."

உள்ளே ஒரு கெட்ட வாடை. தம்பி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். வலது கை பழைய துணி சுற்றி உருண்டையாக இருந்தது. துணியை விலக்கினாள். இரண்டு விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் கருத்த வீக்கம். அங்கிருந்து ஒரு சிவப்புக் கோடு முழங்கையைத் தாண்டிப் போயிருந்தது.

"மாசக் கடைசி வரைக்கும் தாங்கிடும்க்கா" என்றான். "என்னால எல்லாருக்கும் போயிடும். வெளிய தெரிஞ்சா எப்படி அவங்க மொகத்துல முழிக்கிறது? எத்தன பேர் இந்தப் பணத்த நம்பிக் கடன் வாங்கியிருக்காங்க தெரியுமா?"

"அவங்கதான் தெனமும் வந்து பாத்துக்குறாங்க அண்ணி" என்றாள் மனைவி. ஜன்னலைக் காட்டினாள். எதிர்ச் சாரியில் கையுறை போட்ட இரண்டு பேர் பேசாமல் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தராசு பார்த்ததும் சிரித்தார்கள்.

அவர்கள் பார்க்கப் பார்க்கத்தான் அவனைக் காரில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டார்.

"கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு" என்றான் தம்பி.

"ஆமா, கதவுதான்" என்றாள் மனைவி.

டாக்டர் பேனாவை எடுக்கவில்லை. "உங்க பக்கத்துக் கதவுங்க ரொம்பப் பொல்லாததா இருக்கு. வாராவாரம் ஒருத்தரக் கடிக்குது. நீங்களும் கதவுன்னா கட்டுப் போட்டு அனுப்பிடுறேன். இயந்திரத்துல மாட்டுனதுன்னா உள்ள இரும்புத் துகள் இருக்கும், இப்பவே திறந்து சுத்தம் பண்ணணும். எது?"

தம்பி தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாம் என்று. அந்த முகத்தில் அவள் எழுதிய நிபந்தனை அத்தனையும் எழுத்துக்கு எழுத்து தெரிந்தது.

"ஆலையிலதான். தகடு வெட்டுற இயந்திரம்" என்றாள். "அப்படியே பதிவு பண்ணிக்குங்க."

விரல் போனது போனதுதான். கையும் உயிரும் தப்பின. தம்பி கண் விழித்து அவளைப் பார்த்தான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விபத்து பதிவாகிவிட்டது, ஒருவருக்கும் ஒன்றும் கிடையாது என்பதை ஆலையில் யார் போய்ச் சொல்வது என்று கேள்வி வந்தது. தானே போனாள். கூடத்தின் நடுவில் நின்று சொன்னாள். யாரும் கூச்சல் போடவில்லை. சிரிப்பு மட்டும் எல்லோர் முகத்திலிருந்தும் ஒன்றாக இறங்கியது. கையுறைகளைக் கழற்றி அவள் காலடியில் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். சிலவற்றில் விரல்களுக்குள் பஞ்சு அடைத்திருந்தது.

பிறகு, இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதால், அவளைத் தாண்டி வாசலை நோக்கி எல்லோரும் நடந்தார்கள். அவளால் அங்கிருந்து அசைய முடியவில்லை. அவ்வளவு பேரில் ஒருவர் நடையாவது நேராக இருக்காதா என்று கடைசி ஆள் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.