மூடிய உதட்டுக்கு ஒரு குரல்

இருபத்தாறு வருடம் பிறருடைய காதலுக்காக அழுத ஒருத்திக்கு, தனக்கென்று ஒன்று வரும்போது சொல்வதற்கு வார்த்தை மிச்சம் இருக்குமா? அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் எப்போதாவது ஒரு தடவை இந்தக் கேள்வி வந்து போயிருக்கிறது. ஒலிப்பதிவாளருக்கு மட்டும் கடைசி இரண்டு மாதம் தினமும் வந்தது. பதிலுக்காகக் காத்திருந்தவர் அவர்தான்.

அங்கே இந்திப் படங்களைத் தமிழில் பேசவைப்பார்கள். பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த படங்கள். ஆயிரம் விளக்கு எரியும் அரண்மனை, தரையைப் பெருக்கிக்கொண்டு போகும் பாவாடை, கண்ணாடி மண்டபத்தில் நடனம், கடைசியில் யாராவது ஒருவர் சாவது. திரையில் சாகிற நடிகை யாராக இருந்தாலும் தமிழில் குரல் கொடுத்துச் சாகிறவள் இவள்தான். விஷம் குடித்தும், மதில் மேலிருந்து குதித்தும், காதலன் வந்து சேர அரை நிமிடம் இருக்கும்போதும், வந்த பிறகு அவன் மடியிலும் என்று, ஒலிப்பதிவாளர் எண்ணியவரை நூற்றுப் பன்னிரண்டு தடவை செத்திருந்தாள். கூடத்தில் அவளுக்கு ‘அழுகாச்சி’ என்று பெயர். மறைவில் வைத்த பெயர்தான். ஆனால் அவளே போனை எடுத்தால் “அழுகாச்சி பேசறேன்” என்று ஆரம்பிப்பதால் யாருக்கும் வெட்கப்பட வழியில்லாமல் போயிற்று.

ஆள் என்னவோ சிரிப்புக்காரி. நாற்பத்தேழு வயது, தம்பி வீட்டு மாடியறையில் தனியாக இருந்தாள். வேலைக்கு வந்ததும் செருப்பை வாசலில் விடுவாள், வளையலைக் கழற்றி மேசையில் அடுக்குவாள், கைக்கடிகாரத்தையும் அவிழ்த்துவிடுவாள். பட்டுச் சேலை சரசரக்கும் என்பதால் துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்திச் சேலைதான் கட்டுவாள். திரையில் ஒருத்தி உடம்பு முழுக்கத் தங்கத்தைச் சுமந்துகொண்டு அழ, அதே அழுகையை இங்கே வெறுங்காலோடு, தலையில் பிளாஸ்டிக் கிளிப்போடு ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள்.

சாவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவது அவள் வழக்கம். ஒலிப்பதிவாளர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராணியின் கடைசி மூச்சின்போது அவள் வயிறு கர்ரென்று சத்தம் போட்டு, அது அப்படியே பதிவாகிவிட்டது. அவர் அதை நீக்குவதற்கு அரை நாள் மல்லுக்கட்டினார். அவளோ, ராணி பட்டினி கிடந்து செத்தாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன் என்றாள்.

அவருக்கு ஐம்பத்து நான்கு. மனைவி போய் ஒன்பது வருடம். ஒரே மகள் வேறு ஊரில் நர்ஸாக இருந்தாள். அவரும் அழுகாச்சியும் பதினேழு வருடமாக ஒரு கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தார்கள். அவர் மேசையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பேசினால் அவள் காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனில் கேட்கும். பொத்தானை அழுத்திக்கொண்டு தயங்காமல் பேசுகிற மனிதர், எதிரில் நின்றால் “டீ சொல்லவா மேடம்?” என்பதைத் தாண்டமாட்டார்.

அவள் வசனங்களுக்கு நடுவில் வரும் வேண்டாத மூச்சுகளை வெட்டி எறிவது அவர் வேலை. அதனாலேயே அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாது. சளி பிடிக்கப்போகிறதா, நேற்றுத் தூங்கினாளா, தம்பி மனைவியோடு ஏதாவது வாய்ச்சண்டையா, எல்லாமே அவருக்கு மூச்சிலேயே தெரிந்துவிடும். அவள் பேசியதெல்லாம் படத்துக்குப் போயிற்று. பேசுவதற்கு முன் இழுத்த மூச்சு இவருக்கு மிஞ்சியது. ஒரு மனிதரை அறிந்துகொள்ள இது போதுமா என்று அவரைக் கேட்டால், போதாது என்றுதான் சொல்லியிருப்பார். அவர் எதையும் மிகைப்படுத்துகிறவர் அல்ல.

ஒருநாள் டீ குடிக்கும்போது அவளே தன் பழைய கதையைச் சொன்னாள். இருபத்து மூன்று வயதில் ஒரு வங்கி குமாஸ்தாவோடு பழக்கம். இரண்டு வீட்டிலும் தெரியும், இரண்டு வீட்டிலும் சம்மதம். அவனுக்கு மாற்றல் வந்தது. மூன்று கடிதம் எழுதினான். மூன்றாவது வந்த வாரம் அவளுக்கு அடுத்தடுத்து மூன்று சாவு இருந்ததால் பதில் தள்ளிப்போயிற்று. அவனும் தள்ளிப்போட்டான். நான்காவது கடிதம் வரவே இல்லை.

கதையில் வில்லன் யார் என்று வசனம் எழுதுகிறவன் கேட்டான். கூடத்தில் எல்லோரையும் அண்ணன், அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு, நாற்காலிக்கு நாற்காலி தாவுகிற ஆள்.

“வில்லனே இல்லடா, அதான் தொல்லை” என்றாள் அவள். “ஒருத்தராவது எதிர்த்திருந்தா ஓடியாவது போயிருப்போம். யாரும் தடுக்கல. நாங்களா மறந்துட்டோம்.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். வசனக்காரனும் சிரித்தான். ஒலிப்பதிவாளர் மட்டும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதலைச் சாகடிக்க வாளும் மதிலும் தேவையில்லை, ஒரு வாரச் சோம்பலே போதும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தானும் ஒன்பது வருடமாக அதே சோம்பலைத்தான் வளர்த்துக்கொண்டிருக்கிறோமோ என்று பட்டது.

அதற்கு அடுத்த மாதம் மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனக்கும் ஒத்தாசை வேண்டும், அவரும் இனித் தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டாம், கூடத்து வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்றாள். அவர் பதிலுக்கு இழுத்தார். இழுப்பதற்கு என்ன காரணம் என்று ஒரு நர்ஸுக்குத் தெரியாதா?

“அந்த மேடத்துக்கிட்ட கேட்டீங்களா, இல்லையாப்பா? கேட்டு, அவங்க சரின்னா அங்கயே இருங்க. இல்லன்னா ரெண்டு மாசத்துல இங்க வாங்க. நடுவுல தொங்கிட்டு நிக்காதீங்க.”

மறுநாள் அவளுக்கு நூற்றுப் பதின்மூன்றாவது சாவு. ஒரே தடவையில் முடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப்போனவளிடம் அவர் பொத்தானை அழுத்திக் கேட்டார். தன்னை மணந்துகொள்ள முடியுமா என்பதை, ஒலி அளவு சரியா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார். மகள் வைத்திருந்த கெடுவையும் மறைக்காமல் சொன்னார். பின்னால் சோபாவில் படுத்திருந்த வசனக்காரனை அவர் மறந்தே போயிருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் டம்ளரோடு நின்றாள்.

“இப்பதான் சார் செத்தேன். மூச்சு விடவாவது விடுங்க” என்றாள். பிறகு, “அடுத்த படம் முடியட்டும். சொல்றேன்” என்றாள்.

அடுத்த படத்தின் வேலை ஏழு வாரம் இழுத்தது. படகு, பனி, பகைநாட்டு இளவரசன், எதற்கும் குறைவில்லை. அவள் எப்போதும்போலச் சாப்பிட்டாள், எப்போதும்போல அழுதாள், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. வசனக்காரன் தினமும் அவரிடம் வந்து, “அண்ணே, மூச்சுல ஏதாவது தெரியுதா?” என்று காதைக் கடிப்பான். எதுவும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஏழாவது வாரம் அவர் பெட்டி கட்டினார். வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்தார். வெள்ளிக்கிழமை காலை கடைசிக் காட்சிக்குப் பதிவு.

அந்தப் படத்தில் அதிசயமாக யாரும் சாகவில்லை, பிரிவதோடு சரி. இளவரசன் கீழே முற்றத்தைக் கடந்து போகிறான். மேலே சாளரத்தில் அவள் நிற்கிறாள். கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவான், ஆனால் குலமானம் தடுக்கிறது. உதட்டை இறுக மூடிக்கொண்டு பார்க்கிறாள். தொண்டைக்குள் ஒரு விம்மல், இரண்டே நொடி. எழுதி வைத்திருந்தது அவ்வளவுதான். மூடிய வாய்க்கு வார்த்தை கொடுப்பது இந்தத் தொழிலில் முதல் வாரம் வந்தவர்கள் செய்கிற தப்பு.

படம் ஓடியது. இளவரசன் நடந்தான். பொன்னும் முத்துமாக நடிகை உதட்டை மூடியபடி நின்றாள். ஒலிப்பதிவாளரின் காதில் குரல் கேட்டது.

“போகாதீங்க, சார்.”

அவர் கை பழக்கத்தில் பொத்தானுக்குப் போயிற்று. “மேடம், வாய் மூடியிருக்கு” என்றார்.

“அவ வாய்தானே மூடியிருக்கு” என்றாள் அவள்.

சோபாவில் இருந்த வசனக்காரன் எழுந்து உட்கார்ந்து, அரண்மனையில் சார் என்று யாரைக் கூப்பிடுகிறாள் என்று கேட்கப்போனான். பாதி வாக்கியத்தில் அவனுக்கே விளங்கிவிட்டது. ஒலிப்பதிவாளர் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். வசனக்காரன் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம் என்று சொன்னான். அந்தப் பக்கம் மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கேட்டது அப்பாவா, அந்த மேடமா? இரண்டு பேரும் என்று இவன் சொன்னான்.

ஆனாலும் வேலை வேலைதானே. படத்துக்கு அந்த விம்மல் வேண்டும். டீ வந்தது, குடித்து முடித்தார்கள். வசனக்காரன் காட்சியை மறுபடி ஓடவிடச் சொன்னான். அப்போது அவள் மேசையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“இதை வேற யாராவது செய்யட்டும்” என்றாள்.

“அக்கா, ரெண்டு நொடி. தும்மறதுக்குள்ள முடிஞ்சிரும்.”

“தெரியும்டா.”

வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். படத்தில் நாயகியின் தோழிக்குக் குரல் கொடுத்த பெண்ணைக் கூப்பிட்டு அந்த விம்மலை எடுத்தார்கள். ஐந்தாவது தடவையில் சுமாராக வந்தது.

அடுத்த மாதம் இரண்டு பேரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவள் தொழிலை விடவில்லை. அதற்குப் பிறகும் பதினான்கு தடவை செத்தாள், நான்கு முறை பிரிந்தாள், ஒரு தடவை பைத்தியமும் ஆனாள். எதையும் மறுத்ததில்லை, எதையும் வேறு ஆளுக்கு விட்டதும் இல்லை. அந்த ஒரு விம்மலை மட்டும் ஏன் தரவில்லை என்று கணவர் ஒரு தடவை, பொத்தான் இல்லாமலே, நேரில் கேட்டார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஜன்னல் பக்கம் வெயில் வந்துவிட்டது, துணியை எடுத்துக் காயப்போடலாம் என்றாள்.