சீப்பு ஒன்று, இரண்டு பல் உடைந்தது

கார்த்திகை பிறந்தால், சிசிலியில் பலெர்மோத் தமிழ்ப் பூசையில் ஒரு கூடை வைப்பார்கள். செத்துப்போன தங்கடை ஆட்களின் பேரைத் துண்டில் எழுதி மடித்துப் போட்டால், பங்குச் சுவாமி மாதம் முழுக்க வாசித்து மன்றாடுவார். அகஸ்ரீனாவும் போடுவாள். தாய் தகப்பன் பேரை ஊரில் தம்பி கொடுத்துவிடுவான். அவள் போடுவது வெறுந்துண்டு. போடாவிட்டால் சனம் ஏன் என்று கேட்கும். எழுதினால் மகன் ஏர்னஸ்ற்றின் பேரைத்தான் எழுதவேண்டும். பதினைந்து வருசமாக இப்படித்தான்.

ஊர்க்காரி கிளறாவுக்கு மட்டும் விசயம் தெரியும். "அக்கா, வெறுங்கடதாசிக்குச் சுவாமி என்ன வாசிக்கிறது? இருமிக் காட்டுறதோ?" என்று நக்கலாய் நெளிப்பாள்.

"உன்ரை துண்டை நீ பாரடி."

இரண்டாயிரத்து ஒன்பதில் ஊரில் சண்டை முடிந்த கையோடு, ஆமிக்காரர் பெடியளை வேறாக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். ஏர்னஸ்ற்றுக்குப் பத்தொன்பது வயது. தாய் இங்கே வீட்டுவேலை செய்து, அவனைக் கூப்பிடக் கடதாசி அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது ஊரிலிருந்து, பின்னுக்கு வரிசையில் நின்ற கிளறா கண்டது, பஸ் வெளிக்கிட்டது வரைக்கும்தான். பிறகு கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்: அப்படியொரு பட்டியல் இல்லை.

அகஸ்ரீனா வீட்டோடு நின்று பார்க்கிற கிழவி சிஞ்ஞோரா நுன்சியாவுக்கு எண்பத்துமூன்று வயது. கால்சாப் பகுதியில் மூன்றாம் மாடி. அவவுக்கு இரண்டு வயதாக இருக்கையில் அமெரிக்கர் சிசிலியில் வந்திறங்கி, பிடித்த ஊர்ச் சிப்பாய்களைக் கப்பலில் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதிலே தகப்பனும் ஒருவர். திரும்பவில்லை. அங்கே ஒருத்தியோடு இருந்துவிட்டார் என்று தாய் சாகுமட்டும் திட்டினா. பிறகு மகள் திட்டினா. அவரின் படம் சுவரைப் பார்த்தபடி தொங்கியது.

சிஞ்ஞோராவின் பேத்தி மொனிகா, அமெரிக்க அரசாங்கத்தின் பழைய பதிவேடுகளை வைத்திருக்கிற கந்தோருக்கு எழுதிக் கேட்டாள். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. கைதி இலக்கம், கப்பல் ஏறின நாள், நியூமோனியாக் காய்ச்சல். நாற்பத்துநான்காம் ஆண்டு தை மாதம் மரணம், குழியின் இலக்கம். அடியில், அவரிடம் இருந்த சாமான்கள்: செபமாலை ஒன்று. குழந்தையின் படம் ஒன்று. சீப்பு ஒன்று, இரண்டு பல் உடைந்தது.

சிஞ்ஞோரா சுவரைக் காட்டினா. "அகஸ்ரீனா, அப்பாவைத் திருப்பிவிடு."

அகஸ்ரீனா படத்தைத் திருப்பிக் கொழுவினாள். மனம் மட்டும் அந்த இரண்டு பல்லை விட்டு அசையவில்லை. பிடித்தவனுக்கு எதிரி அவர். செத்தும் போனவர். அவருடைய சீப்பையும் ஒருத்தன் கையில் எடுத்து, பல் எண்ணி, குந்தியிருந்து எழுதியிருக்கிறானே.

அடுத்த நாளே மொனிகாவைப் பிடித்தாள். "எங்கடை சண்டையையும் அமெரிக்கா வானத்திலையிருந்து படம் பிடிச்சதாம். அந்த பஸ் எங்கையோ பதிஞ்சு கிடக்கும். கேளம்மா."

"அது வேறை, அகஸ்ரீனா. இது அவங்கள் பிடிச்ச ஆக்களின்ரை பதிவு."

"கேட்டால் என்ன, குறைஞ்சு போவியோ?"

மொனிகா கணினியில் விண்ணப்பப் படிவத்தைத் திறந்தாள். பேர் போட்டாள், பிறந்த நாள் போட்டாள். அடுத்த பெட்டியில் விரல் நின்றது.

"உயிரோடை இருந்தால் அவரே கையெழுத்து வைக்கவேணுமாம். இல்லையெண்டால் இறந்த திகதி. அது இல்லாமல் அங்காலை போகுதில்லை." கொஞ்சம் பொறுத்து, "பஸ் வெளிக்கிட்ட நாளைப் போடுவமா? தேடுறதுக்குத்தானே."

"என்ரை பிள்ளையைத் தேட நானே அவனைச் சாக்காட்டவோ? பூட்டு அதை."

பூட்டியாயிற்று. சிஞ்ஞோராவுக்குச் சூப் கொடுத்து வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். "கடதாசி எடு. நான் சொல்லுறன், நீ எழுது. இடுப்பிலை நீலச் சாரம் ஒண்டு. வெள்ளைச் சேட் ஒண்டு, கை மடிச்சது. சோதினைச் சேட்டிபிக்கற், சொப்பிங் பையிலை. செருப்பு ஒரு சோடி, இடக்கால் வார் கம்பியாலை கட்டினது." எல்லாம் பஸ் ஏறும்போது அவனிடம் இருந்ததாகக் கிளறா கண்டு சொன்னவை. மொனிகா ஒவ்வொன்றாக எழுதினாள்.

கதிரையிலிருந்து சிஞ்ஞோரா கேட்டா: "சீப்பு?"

அகஸ்ரீனா அந்த நிமிசமே கிளறாவுக்குப் போன் எடுத்தாள்.

"அவனிட்டைச் சீப்பு இருந்ததோடி?"

"அக்கா, அதை நான் கவனிக்கேல்லை."

"யோசிச்சுப் பார். தலை இழுத்திருந்ததோ, கலைஞ்சு கிடந்ததோ?"

"பதினைஞ்சு வருசமக்கா..." கிளறா அழத் தொடங்கினாள். அகஸ்ரீனா போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. மொனிகா பேனையைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

அந்த ஞாயிறு கூடையில் இரண்டு துண்டு போட்டாள். ஒன்றில் சிஞ்ஞோராவின் தகப்பன் பேர். மற்றது வெறுந்துண்டு. பக்கத்தில் நின்ற கிளறா இந்தமுறை நெளிக்கவில்லை. மொனிகா எழுதிய பட்டியல் அகஸ்ரீனாவின் கைப்பைக்குள் இருக்கிறது. கடைசி வரியில் சீப்பு என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறது.