பஞ்சுவின் எடையும் சம்பந்தியும்

குளியலறை வாசலில் இருந்த எடை மெஷின்மேல் ஞாயிறுதோறும் காலையில் இரண்டு முறை ஏறுவேன். முதலில் தனியாக, பிறகு பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு. கழித்தால் வருவது பஞ்சுவின் எடை. எங்கள் அல்சூர் வீட்டு வெள்ளைப் பொமரேனியன் அது. ஆறு கிலோவைத் தாண்டக் கூடாத நாய், அந்த வருஷம் எட்டு கிலோ இருநூறு கிராமைத் தொட்டது. "அங்கிள், இவன் முழங்கால் ஏற்கெனவே நழுவுது. இன்னும் ஏறினா நடையே நின்னுடும்" என்றார் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா. சோபாவில் தாவுவதை அது அதற்கு முன்பே விட்டிருந்தது. முன்கால்களை வைத்துப் பார்க்கும், பிறகு எடுத்துக்கொள்ளும்.

தீனி போடுவது என் பொறுப்பு. பாக்கெட் தீனியில் காலையில் நாற்பத்தைந்து குட்டி உருண்டை, மாலையில் நாற்பது. ஒன்றுகூட அதிகமானதில்லை. ஆகவே என் சந்தேகம் போக ஒரே ஒரு இடம்தான் இருந்தது: சம்பந்தி. மருமகளின் அப்பா. மனைவி போனபின் மகளோடு இருக்க வந்தவர். நான் அந்த வீட்டில் பதினொரு வருஷம். அவர் வந்து பதினான்கு மாதம். ஆனால் பஞ்சு படுப்பது அவர் கட்டிலடியில். அவர் செருப்பு மாட்டும் சத்தத்துக்கே எழுந்து நிற்கும். ஏரிக்கரைவரை போய் வர எனக்கு இருபத்திரண்டு நிமிஷம். அவருக்கு ஐம்பது. ஒவ்வொரு கம்பத்தையும் அது மோந்து முடிக்கும்வரை நிற்பாராம். என்னோடு வந்தால் பாதி வழியில் உட்கார்ந்து வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வை என்னை வயிறெரிய வைத்தது. எழுபத்து மூன்று வயதில் ஒரு நாய்க்காக.

மருமகளிடம் சொன்னேன்: "உங்கப்பாதாம்மா வெளியில ஏதோ வாங்கிப் போடறார். அம்பது நிமிஷம் சும்மாவா சுத்தறாங்க?" எண்ணுகிறவன் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மதிப்பு அதிகம். அவள் கேட்டபோது, "நான் ஒண்ணும் போடலியேம்மா" என்றார் அவர். அவள் நம்பவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை நானும் அவரும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தோசையின் மொறுமொறு ஓரத்தைக் கிள்ளி மேஜைக்கடியில் நீட்டினேன். பஞ்சு வாங்கிக்கொண்டது. அவர் தன் தட்டைப் பார்த்தபடியே, "இதையும் எண்ணிட்டீங்களா, சம்பந்தி?" என்றார்.

எண்ணவில்லை. கிண்ணத்தில் போடுவதுதான் எனக்குத் தீனி. என் தட்டிலிருந்து கொடுப்பதைத் தீனி என்றே நான் நினைத்ததில்லை. பஞ்சு என் பக்கம் வர வேண்டும் என்பதற்காகக் கொடுத்தது. அவர் வந்த பிறகு தொடங்கிய பழக்கம். தோசை ஓரம், பிஸ்கட் முனை, நெய் தடவிய சப்பாத்தித் துண்டு. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று அன்று எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.

தன் மகளிடம் அவர் இதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "பீன்ஸை வேக வெச்சு நறுக்கித் தர்றேன், அதை நீட்டுங்க. கை நீட்டாம உங்களால இருக்க முடியாது" என்று மட்டும் சொன்னார். உப்பில்லாமல் வேகவைத்து, தினமும் ஒன்பது துண்டு என் தட்டோரம் வைப்பார். நடத்திக் கூட்டிப்போவதை அவர் பார்த்துக்கொண்டார். ஏழு மாதத்தில் பஞ்சு ஆறு கிலோவுக்கு இறங்கியது. டாக்டரம்மா என்னைத்தான் பாராட்டினார். சம்பந்தி பக்கத்தில் நின்று தலையாட்டினார். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன தீபாவளிக்குப் பிறகு அவர் ஓசூரில் இருக்கும் இளைய மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பஞ்சு இப்போது என் கட்டிலடியில்தான் படுக்கிறது. பீன்ஸை நானே நறுக்குகிறேன். புதன்கிழமைகளில் அவர் போன் செய்வார். போன மாதம் முதல்முறையாக ஸ்பீக்கரில் போட்டேன். "என்ன சம்பந்தி, புள்ள எப்படி இருக்கான்?" என்று அந்தக் குரல் கேட்டதும், வாசலில் கிடந்த பஞ்சு ஓடி வந்து ஒரே தாவலில் சோபாவில் ஏறி, போனில் மூக்கை வைத்தது. இரண்டு வருஷத்தில் அது தாவியதை அன்றுதான் பார்த்தேன்.

"நல்லா இருக்கான்" என்றேன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.