டிக்ஸி மீதி வைத்த சாதம்

போன வாரம் அடையாறில் நாய் பூனைகளுக்குச் சாப்பாடு விற்கிற கடை ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. என் பெண் வெளியூர் போயிருக்கிறாள். அவள் திரும்பும் வரை அவளுடைய நாய் எங்கள் பொறுப்பு. "அதுக்கு வயிறு கொஞ்சம் வீக்குப்பா, இந்தப் பையிலே இருக்கறதை மட்டும் போடு" என்று போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கடையில் அந்தப் பையைத் தூக்கிக் கொடுத்த இளைஞனிடம் விலையைக் கேட்டுவிட்டு, "இது ஒரு நாய்க்கா, ஒரு தெருவுக்கா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. என் வயதுக்காரர்களை நிறையப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. "கட்டுப்படியாகலைன்னா சாதத்தைக் குழைய வடிச்சு, கூட பாசிப்பருப்பு போட்டுக் குடுங்க சார். பால் வேணாம், உப்பு வேணாம். வயிறு சரியில்லாததுக்கு அதுவே போதும்" என்றான்.

உப்பில்லாத பாசிப்பருப்பும் அரிசியும் சேர்ந்து கொதிக்கும்போது ஒரு வாசனை வரும். வாசனை என்றுகூடச் சொல்ல முடியாது. ஜுரக்காரர் படுத்திருக்கும் வீட்டின் சமையலறையில் வருமே, அது. ஏ.சி. போட்ட அந்தக் கடையில் அது வருவதற்கு வழியே இல்லை. ஆனால் எனக்கு வந்தது.  அப்புறம் விலையைப் பற்றி வாயே திறக்காமல் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாங்கள் அப்போது மயிலாப்பூரில், தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்காரர்கள். அறுபதுகளின் கடைசி. அரிசி கிடைப்பதே பெரும்பாடு. ரேஷன் கடை க்யூவில் நின்று வாங்கி வந்த அரிசியில் கல் பொறுக்குவதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அந்த நிலைமையில்தான் ஒரு நாள் அப்பா ஆபீசிலிருந்து நாயோடு வந்தார்.

அப்பா மவுண்ட் ரோடில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். சீமைக்குத் திரும்பிப் போகவிருந்த வெள்ளைக்கார மேனேஜர், தன் பொமரேனியனை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் நழுவியிருக்கிறார்கள். அப்பாவுக்கு நழுவத் தெரியாது. நாயின் பெயர் டிக்ஸி. வெள்ளை வெளேரென்று, கண்ணும் மூக்கும் மட்டும் கறுப்பாக இருக்கும். அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. கடைசிவரை டிச்சிதான்.

"நாயா? மடி ஆசாரமெல்லாம் என்னாறது? மேலே பட்டுதுன்னா நான் எத்தனை தரம் தலைக்கு விட்டுக்கறது?" என்றாள். மொட்டை மாடியிலேயே இருக்கட்டும், கீழே வராது என்று அப்பா வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை அவரைவிட டிக்ஸி ஒழுங்காகக் காப்பாற்றியது.

கஷ்டமெல்லாம் அதன் வயிற்றால் வந்தது. சீமை டின்னில் வந்ததைத் தின்று வளர்ந்த நாய். மாதச் சம்பளக்காரர் அதற்கு எங்கே போவார்? பால் ஊற்றினோம், வயிற்றால் போயிற்று. தயிர் சாதம் போட்டோம், வாந்தி எடுத்தது. மயிலாப்பூர் நாய்களெல்லாம் தயிர் சாதத்தில் கொழுத்துத் திரிந்த காலம் அது. இது மட்டும் விதிவிலக்கு. பன், ரஸ்க், நொய்க் கஞ்சி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். "எலும்பு வாங்கிப் போடு சார், தேறிக்கும்" என்று பால்காரர் சொன்னபோது, அம்மா காதில் விழாமல் இருக்க அப்பா பலமாக இருமினார். கடைசியில் அப்பாவே கண்டுபிடித்தார். குழைய வடித்த சாதம், கொஞ்சம் பாசிப்பருப்பு, உப்பு கிடையாது. அதுதான் அந்த வயிற்றில் தங்கியது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அம்மா நாய்க்கென்று தனியாக ஒரு அலுமினியப் பாத்திரத்தில் அதை வைக்க வேண்டும். "மனுஷாளுக்கே அரிசி இல்லை. இத்தனூண்டு நாய்க்குப் பாத்திரம் நிறையச் சாதமா?" என்று முணுமுணுப்பாள். "வளர்ற நாய்" என்பார் அப்பா. டிக்ஸி எங்களிடம் வரும்போதே வளர்ந்து முடிந்த நாய். நான் சிரித்துக்கொள்வேன். நாய்க்குத் தட்டெல்லாம் கிடையாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், பாத்திரத்தோடு ஒரு தையல் இலையையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறுவார். இறங்கி வர வெகு நேரமாகும்.

ராத்திரி எங்களோடு உட்கார்ந்தால் பேருக்குக் கொறிப்பார். "ஆபீஸ்லே டிபன் பலமா ஆயிடுத்து" என்பார். அம்மாவின் சமையலுக்கு அந்தச் சந்து முழுக்கப் பேர் உண்டு. மிளகாய் வறுத்து அரைத்து அவள் சாம்பார் வைத்தால் கோடி வீடு வரைக்கும் மூக்கு அரிக்கும். காரம் தூக்கல் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அன்று பூரா முகம் வாடிக் கிடக்கும். அதனால் எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஒரு நாள் அப்பா ஆபீசில் விழுந்துவிட்டார். குடலில் இருந்த புண் முற்றி உடைந்துவிட்டது என்றார்கள். காப்பாற்ற முடியவில்லை. "ரொம்ப காலமா இருந்திருக்கணும். வலி தாங்கியிருக்க முடியாதே, வீட்டுல ஒண்ணும் சொன்னதில்லையா?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார்.  "ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே" என்றாள் அம்மா. அப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

காரியங்கள் முடிந்த பிறகுதான் அது ஆரம்பித்தது. மத்தியானம் அம்மா மொட்டை மாடியில், சுவரோரத்தில், காக்காய்க்கு இலையில் சாதம் வைப்பாள். கைப்பிடிச் சாதம் இல்லை, ஒரு ஆள் சாப்பாடே வைப்பாள். பருப்பும் துளி நெய்யும் விட்ட, உப்பில்லாத சாதம். மயிலாப்பூரில் காக்காய்க்கா பஞ்சம்? எதிர்வீட்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆனால் எங்கள் மாடிக்கு ஒன்றுகூட வராது. கத்தவும் கத்தாது. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பட்டம் வாங்கி, தி. நகரில் ஒரு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்த நான், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு "கா, கா" என்று தொண்டை கிழியக் கத்துவேன். அவை என்னை வேடிக்கை பார்க்கும். டிக்ஸிக்குப் பயந்துதான் வரவில்லை என்று அதை மாடிப்படி அறையில் அடைத்து வைத்தோம். அப்போதும் வரவில்லை.

காக்காய் சாதத்தை எடுக்கவில்லை என்றால் போனவருக்கு ஏதோ மனக்குறை என்று எங்கள் வீடுகளில் நம்பிக்கை. "காக்கா எடுக்காம நான் எப்படிடா சாப்பிடறது?" என்றாள் அம்மா. காபியிலேயே நாளை ஓட்டினாள். ரவிக்கை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. எனக்குப் பயமாக இருந்தது. அப்பா போன துக்கத்தைவிட, இவளும் போய்விடுவாளோ என்ற பயம்தான் அப்போது பெரிதாக இருந்தது. டிக்ஸியும் இளைத்துப்போயிற்று. துக்க வீட்டில் நாய்க்குத் தனியாக யார் வடிப்பார்கள்? மிஞ்சிய ரசம் சாதத்தையும் மோர் சாதத்தையும் போட்டோம். தின்றதையெல்லாம் கக்கியது.

மாதா மாதம் வரும் திதியான அப்பாவின் மாசிகத்துக்காக நான் லீவு போட்டிருந்த ஒரு நாள். உச்சி வெயில். காற்று இல்லை. இலை அப்படியே கிடந்தது. நானும் அம்மாவும் மாடிப்படி நிழலில் உட்கார்ந்திருந்தோம். அடைத்து வைத்திருந்த கதவை எப்படியோ தள்ளிக்கொண்டு டிக்ஸி வெளியே வந்தது. எங்களைத் தாண்டி நேராக இலைக்குப் போனது. எனக்கு எழுந்து விரட்டத் தோன்றவில்லை.

இலையில் தன் பக்கம் இருந்த பாதியைத் தின்றது. தின்றுவிட்டு நிறுத்திக்கொண்டது. கோடு கிழித்த மாதிரி மறு பாதி அப்படியே இருந்தது. பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது. இலைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை, வெயில் அடிக்கிற சுவர்தான் இருந்தது. சுவரில் சாய்ந்து ஒரு ஆள் உட்கார்ந்தால் அவர் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில் டிக்ஸி பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதன் தலை மெதுவாக இலைக்கு இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது, ஏறியது. யாரோ இலையிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறார்கள், அந்தக் கையை அது பார்த்துக்கொண்டிருக்கிறது. வால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

எதிர்ச் சுவர்க் காக்காய்களும் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. நான் பொய் சொல்லவில்லை.

"வந்துட்டார்டா" என்றாள் அம்மா. குரல் நடுங்கவில்லை. அந்த வெயிலில் எனக்குத்தான் குளிர்ந்தது. டிக்ஸி அன்று கக்கவில்லை. அம்மா கீழே வந்து, இலை போட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் அது தினசரிக் காரியமாகிவிட்டது. டிக்ஸி பாதியைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்க்கும், அம்மா நமஸ்காரம் பண்ணிவிட்டுச் சாப்பிட வருவாள். கீழ் வீட்டு ஜயம் மாமிக்கு மட்டும் இது ஒப்பவில்லை. "காக்கா ரூபத்துலே வருவா, கேட்டிருக்கேன். நாய் ரூபத்துலயா? அதுவும் பொட்டை நாய்!" என்றாள். அம்மா அசரவில்லை. "அவர் அதெல்லாம் எங்கே மாமி பார்ப்பார்? பஸ்லேகூட கவனிக்காம லேடீஸ் சீட்லே போய் உக்காந்துண்டு திட்டு வாங்கிண்டு வருவாரே" என்றாள். அப்பா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

வினை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. வந்திருப்பவர் அப்பா என்றால் வெறும் சாதமா போடுவது? அம்மா வெங்காய சாம்பார் வைத்தாள். சேப்பங்கிழங்கு வறுத்தாள். வேண்டாம்மா, வயிற்றுக்கு ஆகாது என்றேன். "இப்ப அவருக்கு வயித்து வலி ஏது? இனிமேலாவது இஷ்டப்பட்டதைச் சாப்பிடட்டுமே" என்றாள்.  சில நாளில் டிக்ஸி எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டது. ரத்தமாகப் போயிற்று. அம்மா மறுபடி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். "என்ன குறை வெச்சேன்னு தெரியலையே" என்று நாயின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இது செத்தால் அவளும் பிழைக்கமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

சந்து முனையில் ரிக்ஷா ஓட்டும் கன்னியப்பனைக் கூப்பிட்டேன். கோணியில் சுற்றிய நாயைக் குனிந்து பார்த்தார். "இன்னா சார், மூச்சு கீதா? தோ, கீது கீது. குந்து, மெரிச்சிக்கினு போய்டலாம்" என்று பெடலை அழுத்தினார். மந்தைவெளியில் மாட்டு டாக்டர் ஒருவர் வீட்டிலேயே பார்ப்பார். ஊசி போட்டார். வெங்காயம் நாய்க்கு விஷம், சாம்பாரைக் கண்ணிலேயே காட்டக்கூடாது என்று கோபித்துக்கொண்டார். முன்பு என்ன போட்டீர்கள் என்று கேட்டார். அதற்கு அப்பா கண்டுபிடித்த பத்தியத்தைச் சொன்னேன். "அதேதான். அதையே போடுங்க. எவ்வளவு சாப்பிடும்?" என்றார்.

கையால் பாத்திரத்தின் அளவைக் காட்டினேன்.

டாக்டர் சிரித்தார். "இந்த நாயா? இது வயித்துல அதுல பாதிகூடப் போகாதேப்பா. மீதியை யார் சாப்பிட்டது?"

திரும்பி வரும்போது கன்னியப்பன் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார். ஒன்றும் காதில் விழவில்லை. ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிவிட்டு, மாடியில் சுவரில் சாய்ந்து, ஒரே இலையில் நாய்க்குப் பாதி தனக்குப் பாதி என்று வைத்துக்கொண்டு, எரிகிற வயிற்றுக்கு அந்த உப்பில்லாத சாதத்தைச் சாப்பிட்ட மனிதரை நினைத்து அழுதுகொண்டே வந்தேன்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன சொன்னார்?"

"பழையபடி பாசிப்பருப்பு சாதம்தான் போடணுமாம். அது நாய்க்கு மட்டும் இல்லைம்மா. பாதியை அப்பா சாப்பிட்டிருக்கார். தினமும்."

அம்மா உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். அந்த அலுமினியப் பாத்திரத்தை எடுத்தாள். மாடியில் வெயில் தாழ்ந்திருந்தது. இலையைப் போட்டு, சாதத்தை ஆறவைத்து, டிக்ஸியின் எதிரே வைத்தாள். அது படுத்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. பாதியில் நிறுத்தியது. தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தது.

அம்மா இலையைச் சுற்றிப் போனாள். சுவரில் சாய்ந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள். நாய் மயிர் ஒன்று புடவையில் ஒட்டினால்கூடத் தலைக்கு விட்டுக்கொள்கிறவள், நாய் வாய் வைத்த இலையிலிருந்து மீதிச் சாதத்தைப் பிசைந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். விழுங்க முடியாமல் விழுங்கினாள்.

"உப்பே இல்லையே" என்றாள், என்னிடம் இல்லை. "ஏன்னா, எப்படிச் சாப்பிட்டேள் தினமும்?"

டிக்ஸியின் தலை அவள் கையோடு இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. இலை காலியானதும் நகர்ந்து வந்து அவள் காலில் முகத்தை வைத்துப் படுத்தது. அம்மா காலை இழுத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்தபடியே இலையை மடித்தாள்.

டிக்ஸி பிழைத்துக்கொண்டது. வெகு வருஷம் இருந்தது. அம்மாவும் இருந்தாள். தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். ஆனால் அந்த நாளுக்கு அப்புறம் டிக்ஸி சுவரைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் அம்மாவைத்தான் பார்க்கும். நானும் அந்தச் சுவரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெறும் சுவர்தான்.

இப்போது அந்த வீடு இல்லை. அடுக்கு மாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. அந்த மொட்டை மாடி இருந்த உயரத்தில் யாருடைய படுக்கையறையோ இருக்கிறது. அப்பாவின் திதியை வருஷா வருஷம் பஞ்சாங்கம் பார்த்துத் தவறாமல் கொடுக்கிறேன். அதைப் பண்ணிவைக்கிற வாத்தியாரிடம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். அப்பா எங்கள் வீட்டை விட்டுப் போனது அந்தத் திதியில் இல்லை. அம்மா அந்த இலையை மடித்த சாயங்காலம்தான் போனார்.